ஏழைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்

1962இல் வந்த 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா' பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை எண்ணிப் பார், மனம் ஆறும் என்பது அதன் சாரம். சினிமா வாய்ப்புத் தேடி அலுத்துப்போய் ஊருக்கே திரும்பிவிட மூட்டை கட்டிய நேரத்தில், ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டிய இந்தப் பாட்டுதான் தன்னைச் சென்னையில் நிறுத்தியது என்று கவிஞர் வாலி பல மேடைகளில் சொன்னதுண்டு. ஒரு பாட்டு ஒரு ஆளைக் காப்பாற்றியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆறுதல் யாருக்குச் சொல்லப்பட்டது? படத்தில் குடும்ப பாரம் தாங்காமல் நொறுங்கி நிற்பவனுக்கு. வாழ்க்கையில், கையில் காசும் வேலையும் இல்லாமல் இருந்த வாலிக்கு. கஷ்டத்தில் இருப்பவன் தன்னைவிடக் கஷ்டப்படுகிறவனை நினைத்துக்கொள்வது ஒரு மருந்து. நோயில்லாதவர்கள் அதே மருந்தை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வருவது வேறு விஷயம். அது இன்று உலகம் முழுக்க நடக்கிறது. மும்பையின் தாராவி, ரியோவின் ரோசின்யா, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோ என்று ஏழைகள் வாழும் பகுதிகளை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் பயணங்கள் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டன. போய் வந்தவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: 'எனக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு பெரிய வாழ்வு என்று இப்போதுதான் புரிந்தது.' அவர்கள் மனதார உணர்ந்துதான் சொல்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த உணர்வு என்ன, அது யாரை நோக்கிப் போகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பவைதான் என் கேள்விகள்.

உளவியலாளர்கள் இதை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். மனிதர் தம் நிலையைத் தனியாக எடைபோடுவதில்லை, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள் என்று 1954இல் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். தன்மதிப்பு அடிவாங்கியவர்கள் தம்மைவிடக் கீழான நிலையில் இருப்பவரோடு ஒப்பிட்டு மனம் தேறுகிறார்கள் என்று 1981இல் தாமஸ் வில்ஸ் அதை விரித்தார். 1985இல் ஜோன் வுட், ஷெல்லி டெய்லர், ரோஸ்மேரி லிச்ட்மன் ஆகிய மூவர் மார்பகப் புற்றுநோய் கண்ட 78 பெண்களிடம் பேசியபோது, தம்மைவிட மோசமான நிலையில் இருக்கும் நோயாளிகளோடு ஒப்பிட்டுக்கொள்வதே அவர்களிடம் மிகுதியாகத் தெரிந்தது. கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டவர் மார்பையே இழந்தவரை நினைத்தார். வயதானவர் இளம்பெண்ணை நினைத்தார். இதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் தினமும் கேட்கிற பேச்சுதான் இது.

இந்த ஒப்பீடு தருவது நன்றியுணர்வா என்பதில்தான் சிக்கல். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. வாரம் ஒருமுறை நன்றி பாராட்டத் தக்கவற்றை எழுதிவந்த மாணவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதிவந்தவர்களைவிட மனநிறைவோடு இருந்தார்கள் என்ற முதல் பகுதியைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நன்றிக் குறிப்பேடு விற்பவர்களுக்கும் அந்தப் பகுதி போதும். அதே ஆய்வின் இரண்டாம் பகுதி பெரிதாகப் பேசப்படுவதில்லை. அதில் மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் எழுதினார்கள். ஒரு குழு நன்றிக்குரியவற்றை எழுதியது, இன்னொரு குழு எரிச்சல்களை எழுதியது, மூன்றாவது குழு எந்தெந்த வகையில் தாம் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறோம் என்று எழுதியது. அந்த நாட்களில் பிறருடைய பிரச்சினையில் கைகொடுத்ததாகவோ ஆறுதலாக இருந்ததாகவோ சொன்னவர்கள் நன்றிக் குழுவில்தான் அதிகம். 'நான் அவனைவிட மேல்' என்று எழுதியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

மாணவர்களை வைத்து, அவர்களே எழுதித்தந்ததை நம்பி, இரண்டு வாரத்தில் முடிந்த சோதனைதான். அதன் மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. ஆனாலும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும் இரண்டு மனநிலைகள் வேறுவேறு என்று அது காட்டுகிறது. 'நல்லவேளை, எனக்கு அந்த நிலை இல்லை' என்பது தப்பித்தவனின் நிம்மதி. நன்றிக்கோ எதிரில் ஒருவர் வேண்டும். அவர் நமக்கு ஏதோ செய்திருக்க வேண்டும். திருக்குறளின் 11ஆம் அதிகாரமான செய்ந்நன்றியறிதல் முழுவதும் ஒருவர் மற்றவருக்குச் செய்த உதவியைப் பற்றித்தான் பேசுகிறது. அடுத்தவனுக்கு இல்லாதது எனக்கு இருக்கிறது என்ற களிப்புக்கு அந்தப் பத்துக் குறளில் இடமே இல்லை.

தாராவிக்கு வருவோம். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் ஏழு லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை வாழ்வதாகப் பலவிதமாக மதிப்பிடப்படும் பகுதி. கோளி மீனவர் குப்பமாக இருந்த இடத்தில் தோல் பதனிடுவோரும், சௌராஷ்டிரத்துக் குயவரும், பிறகு நாட்டின் பல மூலைகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் சேர்ந்தார்கள். தோல் தொழிலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே இருக்கிறார்கள். தாராவியில் சொந்தக்காரர் இருக்கும் குடும்பங்கள் நெல்லைச் சீமையில் ஏராளம். அவர்களும் தாராவிக்குப் பயணம் போகிறார்கள்: கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, துக்கம் விசாரிக்க. திரும்பி வரும்போது 'எனக்குக் கிடைத்த வாழ்வு' என்று யாரும் பெருமூச்சு விடுவதில்லை. யார் வீட்டில் மாடி எடுத்திருக்கிறார்கள், யாருக்கு மாப்பிள்ளை அமைந்தது, எந்த மச்சான் குடியை விட்டான் என்ற சேதிகளோடு வருகிறார்கள். ஒரே சந்துக்குள் இரண்டு விதமான பயணிகள் நடக்கிறார்கள். சொந்தக்காரன் கண்ணுக்கு அங்கே வறுமை தெரியாமல் இல்லை. ஆனால் வறுமைக்கு முன்னால் ஆள் தெரிகிறார்.

2005இல் தொடங்கப்பட்ட ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம்தான் தாராவிச் சுற்றுலாவை உலகறியச் செய்தது. அதைச் சாதாரண வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. படமெடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. லாபத்தில் 80 விழுக்காட்டைக் கல்வி முதலிய பணிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்திருக்கிறார்கள். சோம்பலும் குற்றமும் நிறைந்த இடம் என்ற பிம்பத்தை உடைத்து, பிளாஸ்டிக் மறுசுழற்சி நடக்கும் பதின்மூன்றாம் காம்பவுண்டையும் தோல் பட்டறைகளையும் குயவர் சூளைகளையும் அப்பளம் காயும் முற்றங்களையும் காட்டுகிறார்கள். இந்த வகைப் பயணங்களில் இது நல்ல பக்கத்தைச் சேர்ந்தது என்றே சொல்வேன். அதனால்தான் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மெலிசா நிஸ்பெட் 2017இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியதாகிறது. இந்தச் சுற்றுலாவைப் பற்றிப் பயணிகள் இணையத்தில் எழுதிய கருத்துகளை அவர் படித்தார். அங்கே நடக்கும் தொழிலையும் சுறுசுறுப்பையும் கண்டு எழுதியவர்கள் வியந்திருந்தார்கள். வறுமையோ கண்ணில் படாமல் போயிருந்தது, அல்லது அழகாக்கப்பட்டிருந்தது. இது ஏன் இப்படி இருக்கிறது, யார் பொறுப்பு என்ற கேள்வியே பெரும்பாலும் எழவில்லை. நல்ல எண்ணத்தோடு நடத்தப்படும் பயணத்தில்கூட, பார்ப்பவர் கொண்டுவந்த கண்ணாடியைக் கழற்றி வைக்க மூன்று மணி நேரம் போதவில்லை.

இன்னும் நீண்ட பயணங்களிலும் இதே கதை உண்டு. பள்ளிப் படிப்புக்கும் கல்லூரிக்கும் நடுவே ஏழை நாடுகளுக்குத் தொண்டு செய்யப் போகும் பிரிட்டிஷ் இளைஞர்களைப் பற்றி கேட் சிம்ப்சன் 2004இல் எழுதினார். ஏற்றத்தாழ்வை அவர்கள் அதிர்ஷ்டமாகவே விளக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது: நான் அதிர்ஷ்டசாலி, இவர்கள் அப்படியில்லை. இதை அவர் லாட்டரித் தர்க்கம் என்றார். சரியான பெயர். லாட்டரியில் பரிசு விழுந்தவன் பரிசு விழாதவனுக்குக் கடன்பட்டவனாக உணர்வதில்லை. சீட்டு குலுக்கப்பட்டது, முடிந்தது. 2012இல் எமிலி கிராஸ்லி கென்யாவுக்குப் போன இளம் தொண்டர்களை ஆராய்ந்தபோது இன்னொரு சுற்றுவழியைக் கண்டார். வறுமையைப் பார்த்து வரும் சங்கடத்தை 'ஏழைகள்தான், ஆனால் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்ற வாக்கியத்தால் அவர்கள் ஆற்றிக்கொண்டார்கள். நம் ஊரிலும் இந்த வாக்கியம் நன்றாகவே புழங்குகிறது. மலைகிராமத்துக்குப் போய் ஒரு நாள் தங்கிவிட்டு வந்தவர் முகநூலில் இதைத்தான் முதலில் எழுதுகிறார்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறார்களா? ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கொல்கத்தாவில் குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதையில் வாழ்பவர்கள் என 83 பேரிடம் நேரில் கேட்டார்கள். 2001இல் வெளிவந்த அந்த ஆய்வில், 3 வரை போகும் அளவுகோலில் அவர்களது பொதுவான வாழ்க்கைத் திருப்தி 1.93. அதே ஊர் நடுத்தர வர்க்கக் கல்லூரி மாணவர்களுக்கு 2.43. ஆக, மொத்தத்தில் அவர்களுக்குத் திருப்தி இல்லை. ஆனால் குடும்பம், நட்பு, தம் நேர்மை என்று தனித்தனியாகக் கேட்டபோது விடைகள் நடுக்கோட்டுக்கு மேலே இருந்தன. தம் மனிதர்கள்மேல் அவர்களுக்குப் பிடிப்பு இருந்தது. தம் வாழ்க்கைமேல் குறை இருந்தது. ஒரு நாள் விருந்தாளியாகப் போகிறவர் முதலாவதை மட்டும் பார்க்கிறார். காரணம் எளிது. வீட்டுக்கு வந்தவர் முன்னால் யாரும் குறையை முதலில் எடுத்து வைப்பதில்லை. முகம் மலர டீ கொடுப்பார்கள். அந்தச் சிரிப்பு விருந்தோம்பலைச் சேர்ந்தது. அதை மனநிறைவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவது, உபசரித்தவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதாகும்.

இந்த உணர்வுக்குச் சந்தை உருவாகும்போது அது கண்ணீர் வரவழைக்கும் இடங்களைத் தயாரிக்கவும் தொடங்குகிறது. கம்போடியாவில் 2005க்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 154இலிருந்து 269 ஆனது. போர் ஓய்ந்து, பொருளாதாரம் வளர்ந்த காலம் அது. அநாதைகள் பெருகக் காரணமே இல்லை. அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் சுமார் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது யுனிசெஃப் ஆதரவோடு நடந்த ஆய்வில் தெரியவந்தது. குழந்தைகளைப் பார்த்து நெகிழ வரும் வெளிநாட்டுப் பயணிகளும் அவர்கள் தரும் பணமும், ஏழைப் பெற்றோரிடம் 'படிக்க வைக்கிறோம்' என்று பேசிப் பிள்ளைகளை வாங்கிவரும் தரகர்களை உண்டாக்கின. 2011இல் அங்கே தொடங்கிய ஒரு பிரச்சாரத்தின் செய்தி, குழந்தைகள் சுற்றுலாத் தலங்கள் அல்ல என்பது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையும் குழந்தைகள் உரிமை பற்றிய தன் தீர்மானத்தில் இந்த இல்லங்களுக்காக நடக்கும் குழந்தைக் கடத்தலைக் கண்டித்தது.

நம் பிறந்தநாள் பழக்கத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் சாப்பாடு போடுவது, கேக்கைக் கொண்டுபோய் அங்கேயே வெட்டுவது, கூடவே பிள்ளைக்கு 'பார், இவர்களுக்கு அம்மா அப்பா இல்லை' என்று காட்டுவது. சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. பல இல்லங்கள் அந்தச் சாப்பாட்டை நம்பித்தான் மாதத்தை ஓட்டுகின்றன. ஆனால் வாரத்தில் நான்கு நாள் யாரோ ஒருவர் பிறந்தநாளுக்கு வரிசையில் நின்று கைதட்டிப் பாடும் பிள்ளையின் இடத்திலிருந்து அந்தக் காட்சியைப் பார்த்தால், நம் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் நன்றியின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பது தெரியும்.

அப்படியென்றால் ஏழைகளிடையே பயணம் போகவே கூடாதா? வரலாறு வேறு விதமாகவும் சொல்கிறது. 1880களில் லண்டன் மேற்குப் பகுதிச் செல்வர்கள் மாலை நேரத்தில் கூட்டமாகக் கிழக்கு லண்டனுக்குப் போய்ச் சந்துகளைச் சுற்றிப் பார்ப்பது ஒரு மோஸ்தராக இருந்தது. சில நேரம் வழிகாட்ட ஒரு போலீஸ்காரரும் போவார். அதே மோஸ்தர் கடல் தாண்டி நியூயார்க்குக்கும் பரவியது. இன்றைய குடிசைச் சுற்றுலாவின் பாட்டி அது. அதே காலத்தில், 1884இல், அதே கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்றியேட்டாவும் டாயின்பி ஹாலைத் திறந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் அங்கேயே குடியிருந்து, பகலில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு, மாலையில் அக்கம்பக்கத்தாரோடு பழகிப் பாடம் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே போன எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். உத்தியோகத்துக்கு ஒரு படியாகத் தங்கிப் போனவர்களும் உண்டு, ஏழைகளுக்கு நாகரிகம் கற்பிக்க வந்ததாக நினைத்தவர்களும் உண்டு.

ஆனால் வில்லியம் பெவரிட்ஜ் அங்கே 1903இல் போய்ச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் (Balliol) கல்லூரியின் தலைவர் எட்வர்ட் கேர்டு தம் மாணவர்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பியதைப் பெவரிட்ஜ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இவ்வளவு செல்வம் இருக்கும் நாட்டில் இவ்வளவு வறுமை ஏன் நீடிக்கிறது, அதைத் தீர்க்க என்ன வழி என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அது. கிளெமென்ட் அட்லி பட்னியில் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். 1905இல் கிழக்கு லண்டன் ஸ்டெப்னியில் ஏழைச் சிறுவர்களுக்கான ஒரு மன்றத்தை எட்டிப் பார்க்கப் போனார். பிறகு அதை நடத்தவே அங்கே குடிபோனார். 1910இல் சிறிது காலம் டாயின்பி ஹாலில் செயலாளராகவும் இருந்தார். போகும்போது பழமைவாதியாக இருந்தவர் சில ஆண்டுகளில் சோஷலிஸ்ட் ஆனார். 1942இல் சமூகப் பாதுகாப்பு பற்றிய பெவரிட்ஜின் அறிக்கை வந்தது. 1948 ஜூலையில், அட்லி பிரதமராக இருந்தபோது, பணமில்லாதவனும் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களும் இவர்களும் நடந்தது ஒரே தெருக்களில்தான். இவர்கள் ஒரு கேள்வியோடு வந்தார்கள், விடை கிடைக்கும்வரை கிளம்பவில்லை.

அந்தக் கேள்வி நன்றியுணர்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாக எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். 1936 ஜனவரி இறுதியிலிருந்து இரண்டு மாதம் வட இங்கிலாந்தின் விகன், பார்ன்ஸ்லி, ஷெஃபீல்டு ஊர்களில் தங்கி, 1937இல் 'விகன் துறைக்குப் போகும் வழி' நூலை வெளியிட்டார். அதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய அத்தியாயம் இருக்கிறது. ஆறடிக்கு மேல் உயரமான ஆள். தாழ்ந்த சுரங்கப் பாதையில் குனிந்தே வெகுதூரம் போய் நிலக்கரி வெட்டும் இடத்தை அடைவதற்குள் தொடையும் முதுகும் விட்டுப்போயின. தொழிலாளிக்கோ அது வேலையே இல்லை. வேலைக்குப் போகும் வழி மட்டும். அந்த நடைக்குக் கூலியும் கிடையாது. அங்கே ஆர்வெலுக்குத் தோன்றியது 'நல்லவேளை, நான் சுரங்கத்தில் பிறக்கவில்லை' என்பதோடு நிற்கவில்லை. லண்டனில் தான் குளிர் காய்வதும், கவிஞன் கவிதை எழுதுவதும், பாதிரி பிரசங்கம் செய்வதும் இந்த மனிதர்களின் முதுகின் மேல்தான் நடக்கிறது, இவர்கள் கரி வெட்டவில்லை என்றால் எதுவும் இல்லை என்று அவர் எழுதிப் போகிறார். அவர் சுகத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தது கடன் என்று தெரிந்தது.

அதே நூலில் இன்னொரு காட்சி. குடிசை வீட்டின் பின்புறம் ஒரு இளம்பெண் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைக் குச்சியால் குத்திக்கொண்டிருக்கிறாள். ஓடும் ரயிலிலிருந்து அவள் முகத்தைப் பார்த்ததாக ஆர்வெல் எழுதுகிறார். அவருடைய நாட்குறிப்பிலோ, சந்தில் நடந்து போகும்போது கண்டதாக இருக்கிறது. நூலில் ஏன் ரயிலேற்றினார் என்பது விமர்சகர்களுக்குத் தீனி. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முகத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும், நமக்கு வலிப்பதுபோல அவர்களுக்கு வலிக்காது என்று வசதியானவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை அந்த ஒரு முகம் பொய்யாக்கிவிட்டது. தனக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பார்க்கப்படுகிறவர் பேசவும் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் காந்தியின் சுயசரிதையில் சம்பாரண் பகுதியில் ஒரு இடம் இருக்கிறது. 1917. பெண்கள் ஏன் துணியைத் துவைத்துக் கட்டுவதில்லை என்று கேட்கச் சொல்லிக் கஸ்தூர்பாவை அனுப்புகிறார். ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப்போய்க் காட்டுகிறாள்: பெட்டியும் இல்லை, வேறு துணியும் இல்லை, உடுத்தியிருக்கும் ஒற்றைச் சேலைதான். எதை மாற்றிக் கட்டிக்கொண்டு இதைத் துவைப்பது? சுகாதார போதனை அங்கேயே நின்றுபோனது. நான்கு ஆண்டு கழித்து, 1921 செப்டம்பரில், மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் பார்த்த ஏழைகள் கதர் வாங்கக் காசில்லை என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, மதுரையில் அவர் அரைவேட்டிக்கு மாறினார். தனக்கு மாற்றுத்துணி இருக்கிறதே என்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போகிறோம்.

தமிழில் இந்த வகைப் பயணத்தை ஒரு எழுத்து முறையாகவே வைத்துக்கொண்டவர் ராஜம் கிருஷ்ணன். நீலகிரி படகர்கள், கடலோர மீனவர்கள், தஞ்சை விவசாயக் கூலிகள், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகள் என்று எந்த மக்களைப் பற்றி எழுத நினைத்தாரோ அவர்களிடையே போய்ப் பழகி, கேட்டு, குறித்துக்கொண்டு வந்து எழுதினார். அப்படித் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் வந்து 1979இல் எழுதிய நாவல் 'கரிப்பு மணிகள்'. இலக்கியமாக அது செய்தி அறிக்கையின் சாயலில் இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. சில இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றியது. ஆனால் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் கால்கள் புண்ணாவதையும், வெள்ளை வெயில் கண்ணை அரிப்பதையும், கூலியை நிறுத்தி வைப்பதையும், கண்காணிகள் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் அதைப் படித்தபிறகு மறக்க முடிவதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த சமூகம் நாம். அதை இதுவரை இலையில் பரிமாறியவருக்கே சொல்லி வந்திருக்கிறோம். உப்பைப் பாத்தியிலிருந்து வாரித் தட்டுமேட்டில் குவித்தவர் அந்த நினைப்புக்குள் வந்ததில்லை. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி. இதைப் படிக்கும் வீடுகளில் பலவற்றின் உப்பு டப்பாவுக்கு அந்த அளங்களோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கும். இந்தத் தொடர்பை ஒரு பயணம் கண்டுபிடித்துக் கொடுத்தால், அந்தப் பயணம் நன்றியுணர்வை ஆழமாக்குகிறது என்று தயங்காமல் சொல்வேன். தொடர்பு இல்லாமல் வித்தியாசத்தை மட்டும் காட்டினால், கிடைப்பது நிம்மதி. நிம்மதி தப்பானதல்ல. ஆனால் புதிதாக எது கிடைத்தாலும் மனிதன் சீக்கிரம் பழகிவிடுகிறான். லாட்டரியில் பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை என்று பிலிப் பிரிக்மனும் இன்னும் இருவரும் 1978இல் காட்டினார்கள். ஒப்பீட்டில் வந்த நிம்மதிக்கு மட்டும் நீண்ட ஆயுள் எங்கிருந்து வரும்? யாருக்கோ பட்ட கடன் அப்படி மறப்பதில்லை; ஒவ்வொரு முறை உப்பு அள்ளும்போதும் அது நினைவுக்கு வர வழி இருக்கிறது.

இதற்குப் புதிதாக ஏதும் நிறுவ வேண்டியதில்லை. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்றும் கல்லூரி மாணவர்களை ஏழு நாள் முகாமுக்குக் கிராமங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கோயில் வளாகத்தில் புல் வெட்டுவது, மரக்கன்று நடுவது, விழிப்புணர்வுப் பேரணி, கடைசி நாள் கலைநிகழ்ச்சி என்று முகாம்கள் ஒரு வார்ப்பில் விழுந்துவிட்டன. அந்த ஏழு நாளில் ஒன்றையாவது, கேர்டு கொடுத்தனுப்பியது போன்ற ஒரு கேள்விக்கு ஒதுக்கலாம். இந்த ஊரில் விளையும் எது நம் விடுதிச் சமையலறைக்கு வருகிறது? அதை விளைவித்தவருக்கு எவ்வளவு கிடைத்தது? இடையில் அது யார் கையில் தங்கியது? குறிப்பேட்டில் 'கிராம மக்களின் எளிய வாழ்க்கை என்னை நெகிழச் செய்தது' என்று எழுதுவதைவிட இந்த மூன்று விடைகளை எழுதுவது கடினம்.

பயணம் போகும் காலத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. உப்பளம் பார்க்கப் போகிறவர்கள் கோடையில் போகிறார்கள். பாத்திகள் வெள்ளையாக மின்னும், படம் நன்றாக வரும், வேலை நடந்துகொண்டிருப்பதால் பேச யாருக்கும் நேரம் இருக்காது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அளங்களில் தண்ணீர் கட்டிவிடும், வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்குத் தமிழக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்தை அதை வைத்துக்கொண்டு எப்படித் தள்ளுகிறார்கள் என்று கேட்க விரும்புகிறவர் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ போக வேண்டும். அப்போது அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.